வேலைச்சோர்வு, தனிமை, நட்பு: கோலாலம்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் அலுவலகம், தொழிற்சாலை, மருத்துவமனை, கால் சென்டர் என்று வேலை பார்க்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோர்வு ஓய்வினால் மட்டும் தீராது. வாராவாரம் தவறாமல் முகம் பார்க்கும் நாலு பேர் ஒரு மனிதனுக்கு வேண்டும். கீழே உள்ள பதில்களில் பாதி அந்த நாலு பேரைப் பற்றியவை.

எனக்கு இருப்பது வெறும் களைப்பா, இல்லை பர்ன்அவுட் என்கிறார்களே, அதுவா?

களைப்பு தூங்கினால் போய்விடும். சனி, ஞாயிறு நன்றாகத் தூங்கி, திங்கட்கிழமை ஓரளவு தெளிவாக எழுந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை. மூன்று நாள் போர்ட் டிக்சனில் இருந்துவிட்டு வந்தும், திங்கட்கிழமை காலை கார் சாவியை எடுக்கும்போதே நெஞ்சு கனக்கிறது என்றால் அது வேறு.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் பர்ன்அவுட்டை விளக்கியது. அதை ஒரு நோயாக அது சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் நாள்கணக்கில் சரிசெய்யப்படாமல் கிடப்பதால் வரும் நிலை என்றது. மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டது: உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எல்லாவற்றின் மேலும் கசப்பு வருவது, முன்பு போல் வேலை செய்ய முடியவில்லை என்ற எண்ணம்.

நடுவில் உள்ளதைத்தான் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுகிறோம். நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாதி இப்போது கட்டில் நம்பரைச் சொல்கிறார். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியாகத் திருத்திய ஆசிரியர் ஒரு டிக் போட்டுத் தள்ளிவிடுகிறார். இவர்கள் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள விலகி நிற்கிறது. 1974-இல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி எழுதியபோது, அவர் பார்த்தது இலவச மருத்துவமனைகளில் உதவி செய்ய ஆசையோடு வந்தவர்களை. அதிக ஈடுபாடு உள்ளவர்களுக்கும் இது வரும், ஒருவேளை அவர்களுக்குத்தான் முதலில் வரும்.

இன்னொன்று. "எனக்கு பர்ன்அவுட்" என்று நீங்களே முடிவு செய்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடம்தான் அதிகம். சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, இவை எல்லாமே "எதிலும் மனசு போகவில்லை" என்ற வேடத்தில் வரும். வேலை மட்டுமல்லாமல் பிள்ளையின் சிரிப்பு, பிடித்த சாப்பாடு, பிடித்த பாட்டு எதுவுமே இரண்டு வாரமாக மனசைத் தொடவில்லை என்றால் அது மனஅழுத்த நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு வாரம் லீவு போட்டேன். திரும்பி வந்த இரண்டே நாளில் பழையபடி ஆகிவிட்டது. ஏன்?

லீவு வேலையின் அளவைத்தான் தற்காலிகமாகக் குறைக்கிறது. வேலைச்சோர்வை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக். அவரும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடங்களில் மனிதனுக்கும் வேலைக்கும் பொருந்தாமல் போவதாகச் சொல்கிறார்கள்: வேலைப்பளு, தன் வேலையின் மேல் தனக்குள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் பலனும் பாராட்டும், கூட வேலை செய்பவர்களோடு உள்ள உறவு, நியாயம், மனசாட்சிக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம்.

இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று போட்டுப் பாருங்கள். நான் பேசிய பலரிடம் வேலைப்பளு முதலிடத்தில் இல்லை. "பன்னிரண்டு மணி நேரம்கூட உழைப்பேன், ஆனால் நேற்று வந்தவனுக்குப் பதவி உயர்வு" என்றால் அது நியாயம். "கஸ்டமரிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள்" என்றால் அது மனசாட்சி. "எட்டு பேர் சேர்ந்து சாப்பிடப் போவோம், இப்போது எல்லாரும் அவரவர் மேசையில் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்" என்றால் அது உறவு. கேமரன் மலையில் எத்தனை நாள் இருந்தாலும் இவற்றில் ஒன்றுகூட மாறாது. எந்த இடத்தில் மார்க் குறைவோ அங்கேதான் கைவைக்க வேண்டும். சில சமயம் அது வேறு துறைக்கு மாறுவது, சில சமயம் மேலாளரிடம் நேராகப் பேசுவது, சில சமயம் வேறு வேலை தேடுவது.

கூட வேலை செய்பவர்களோடு உள்ள உறவை மட்டும் நாளைக்கே தொடங்கலாம். ஒரே ஒருவரைக் கூப்பிட்டு, போனை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, கீழே மாமாக் கடையில் சேர்ந்து சாப்பிடுங்கள். அடுத்த நாளும் போங்கள்.

சரி, வேலைக்கும் தனிமைக்கும் என்ன சம்பந்தம்?

கோலாலம்பூருக்குள் வீட்டு விலை தாங்காமல் ரவாங், நீலாய், பந்திங் என்று தள்ளிப்போய் வீடு வாங்கியவர்கள் விடியும் முன்பே கிளம்புகிறார்கள். பெடரல் நெடுஞ்சாலையிலோ கொமுட்டர் ரயிலிலோ நின்று, எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் காரை அடையாளம் தெரியும், முகம் தெரியாது. வேலையில் மனம் விலகி நிற்கப் பழகியவர் வீட்டு வாசலில் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைப்பதில்லை. அம்மா போன் செய்தால் "அப்புறம் கூப்பிடுறேன்மா". நண்பன் கூப்பிட்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்டா". ஆறு மாதத்தில் கூப்பிடுவது நின்றுவிடுகிறது. அதன்பிறகு வேலையில் ஒரு மோசமான நாள் வந்தால் சொல்லி இறக்கிவைக்க ஆளில்லை, மறுநாள் வேலை இன்னும் கனக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இது வெறும் மனசு சமாச்சாரம் இல்லை. 2010-இல் ஜூலியன் ஹோல்ட்-லுன்ஸ்டாடும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில், வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் போடுகிறோம். நண்பனைப் பார்ப்பதையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எனக்குச் சொந்தபந்தம் நிறைய. கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வந்தார்கள், வாட்ஸ்அப்பில் இருபது குழு. எனக்கு எப்படித் தனிமை வரும்?

வரும். கல்யாண மண்டபத்தில் ஒவ்வொருவரிடமும் இரண்டு நிமிடம் பேசுகிறோம், போட்டோ எடுக்கிறோம், பிரியாணி சாப்பிட்டுக் கிளம்புகிறோம். குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்கள் வருகின்றன. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்தம் இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி. ஆனால் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்த ஆள் இதில் எத்தனை பேர்?

மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கார் நடுரோட்டில் நின்றால், கூச்சமில்லாமல் யாரைக் கூப்பிடுவீர்கள்? உங்களை வேலையில் வாட்டும் அந்த மேலாளரின் பெயர், வீட்டுக்கு வெளியே யாருக்குத் தெரியும்? இரண்டு வாரம் நீங்கள் கண்ணில் படாவிட்டால், காரணம் இல்லாமலே யார் தேடுவார்கள்? மூன்றுக்கும் மனைவி அல்லது கணவன் பெயர் மட்டும்தான் வருகிறது என்றால், ஒரு மனிதரின் தோளில் அளவுக்கு மீறிய பாரத்தை வைத்திருக்கிறீர்கள். அவரும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவர்தான்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த அப்பா அம்மாவுக்கு இப்படி இல்லையே? அவர்களும் கடுமையாகத்தானே உழைத்தார்கள்?

ஆமாம், நம்மைவிடக் கடுமையாக. விடியும் முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்று, பால்மரம் சீவி, வாளி சுமந்து, மழை வந்தால் அன்றைய கூலியும் போய்விடும். அந்த வாழ்க்கையைப் பொன்னாக்கிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. கள்ளுக்கடை எத்தனை குடும்பத்தைத் தின்றது, யார் வீட்டுக்குள் யார் வரலாம் என்ற சாதிக் கணக்கு எப்படி இருந்தது, வயசுக்கு வந்த பெண் எத்தனை கண்களுக்கு நடுவே வாழ்ந்தாள் என்பதெல்லாம் அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்று அங்கே தானாக நடந்தது. யாரும் யாரையும் அழைக்காமலே சந்தித்தார்கள். காலையில் பெரட்டுக் களம், மத்தியானம் பால் நிறுக்கும் இடம், சாயங்காலம் லயம் என்ற வரிசை வீடுகளின் வாசலும் பொதுக் குழாயும், வெள்ளிக்கிழமை கோயில் பூசை, வருஷத்துக்கு ஒரு திருவிழா. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனாள் அம்மா. ஒருத்தி பெரட்டுக்கு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று ஏழு மணிக்குள் லயம் முழுக்கத் தெரியும். துக்கத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் துக்கம் தெரிந்தது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் விற்கப்பட்டன. ஒரே லயத்தில் இருந்த குடும்பங்கள் வெவ்வேறு பிளாட்டுக்கும் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளுக்கும் சிதறின. தகரக் கூரைக்குப் பதில் கல்வீடு கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள், நல்ல சம்பளம் வந்தது. அது முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அழைக்காமலே சந்திக்கும் அந்த ஏற்பாட்டுக்கு மட்டும் யாரும் மாற்று கட்டித் தரவில்லை. இழப்பீட்டுப் பேச்சில் வீடு இருந்தது, பணம் இருந்தது, குழாயடி இல்லை. நம் தலைமுறை அதைக் கையால் மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது. தோட்டத்துக்குத் திரும்ப வேண்டாம், அந்த ஒழுங்கு மட்டும் போதும்: ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள், கைக்கு ஒரு வேலை.

ஒருவர் நண்பராக எவ்வளவு காலம் ஆகும்?

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார். பழக்கமானவர் சாதாரண நண்பராகச் சுமார் 50 மணி நேரம், நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். சேர்ந்து வேலை பார்த்த நேரம் இதில் அவ்வளவாக உதவவில்லை. சும்மா பேசியும் சேர்ந்து சாப்பிட்டும் விளையாடியும் கழித்த நேரம்தான் உதவியது.

கணக்குப் போடுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 50 மணி நேரம் ஆறு மாதத்தில் வரும். 200 மணி நேரத்துக்கு இரண்டு வருஷம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை "ஒரு தே தாரிக் குடிக்கலாம் வா" என்று ஒன்றரை மணி நேரம் பேசினால், 50 மணி நேரத்துக்கே எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் முப்பது வயசுக்கு மேல் புது நண்பர்களே கிடைப்பதில்லை என்று தோன்றுகிறது. பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக்காரனோடு அந்த 200 மணி நேரத்தை ஒரு தவணையிலேயே கழித்துவிட்டோம், அது கணக்கில் வந்ததே நமக்குத் தெரியாது.

ஒரு குழுவுக்கு மூன்று வாரம் போய்விட்டு "யாரோடும் ஒட்டவில்லை" என்று நின்றுவிடுகிறவர்களிடம் இந்த எண்ணைத்தான் சொல்வேன். மூன்று வாரம் என்பது ஆறு மணி நேரம்.

எங்கே போவது? எனக்கு யாரையும் தெரியாது.

நான் பார்ப்பது நான்கு விஷயம். வாரம் ஒரு தடவையாவது நடக்க வேண்டும். கூட்டம் சிறியதாக இருக்க வேண்டும். கைக்கு வேலை இருக்க வேண்டும். வரவில்லை என்றால் யாராவது கவனிக்க வேண்டும். பெரிய மண்டபத்தில் ஆயிரம் பேரோடு ஊக்கப் பேச்சு கேட்பது இந்த நான்கில் ஒன்றிலும் தேறாது.

கோயில் சமையலறையைத்தான் முதலில் சொல்வேன். அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் இடத்தில் யாரும் உங்கள் பதவியைக் கேட்பதில்லை. "தம்பி, இந்த வெங்காயத்தைப் பார்" என்பார்கள். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை, கத்தியும் பூசணிக்காயும் பேச்சை நடத்திக்கொள்ளும். தைப்பூசத்தில் துன் எச். எஸ். லீ சாலை மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும் வழி நெடுக தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, அந்தக் குழுக்கள் தைப்பூசத்தன்று காலையில் முளைப்பவை அல்ல. பல வாரம் முன்பே கூடுகிறார்கள், வசூல், சாமான், கூடாரம் என்று. அப்போதே போய்ச் சேருங்கள். பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கிறது.

கோயில் வேண்டாமா? பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-இலிருந்து நடனமும் இசையும் சொல்லித் தருகிறது, பெரியவர்களும் போகலாம். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் படித்தால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எப்போதும் ஆள் இல்லாமல் தவிக்கும். தாமானில் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் குழு இருந்தால் மலாய், சீன அண்டை வீட்டார்களையும் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. நம் நட்பு நம்மவர்களோடு மட்டும் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. தித்திவங்சா ஏரியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள், வாரம் ஒரு ராத்திரி பூப்பந்து மைதானம் எடுக்கிறவர்கள், உறுமி மேளம் பழகும் இளைஞர்கள், எல்லாமே கணக்கில் வரும்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். கூட்டம் என்றாலே ஆகாது.

கூட்டம் தேவையே இல்லை. இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் பழைய பள்ளி நண்பராக இருக்கலாம். புதிதாகப் பழகுவதைவிட விட்டுப்போனதைத் தொடர்வது எளிது. "டேய், திடீர்னு உன் ஞாபகம் வந்தது, எப்படி இருக்க?" என்று ஒரு குரல் செய்தி அனுப்புங்கள். எழுத்தைவிடக் குரல் நல்லது.

ராத்திரி பத்து மணிக்கும் பாஸ் வாட்ஸ்அப்பில் வேலை கொடுக்கிறார். சட்டத்தில் எனக்கு என்ன பாதுகாப்பு?

1955 வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ளன. தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 48-இலிருந்து 45 மணி நேரமாகக் குறைந்தது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டோ அதற்குக் குறைவோ என்றால் சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. வேலை நேரம், வேலை நாள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. வாரம் இரண்டு நாள் ஒரு மணி நேரம் முன்பே தொடங்கி முன்பே கிளம்ப விண்ணப்பித்தாலே வாழ்க்கை மாறும்.

வேலை நேரம் முடிந்தபின் செய்திக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இலும் ஆஸ்திரேலியா 2024-இலும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கே அதை நாம்தான் மெதுவாகப் பழக்க வேண்டும். "பார்த்துவிட்டேன், நாளை காலை ஒன்பது மணிக்கு முதல் வேலையாக முடித்துத் தருகிறேன்" என்று ஒரே ஒரு வரி அனுப்பிவிட்டு, சொன்னபடி ஒன்பது மணிக்கு முடித்துக் கொடுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்தால் பல மேலாளர்கள் பழகிவிடுவார்கள். சிலர் பழகமாட்டார்கள். அப்போது மேலே மாஸ்லாக் சொன்ன ஆறு இடங்களில் எது உடைந்திருக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

டாக்டரிடம் போனால் செலவு எவ்வளவு? வேலைக்குத் தெரிந்துவிடுமா?

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்க சுகாதார மையத்தில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். அங்கேயே கேள்வித்தாள் கொடுத்து மனஅழுத்தம், பதற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், தேவையென்றால் மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி மனநல மையங்களும் இருக்கின்றன. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்கச் சட்டப்படி வருஷத்துக்கு 14 நாள், இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு 18, ஐந்து வருஷத்துக்கு மேல் 22. மனசுக்காக எடுக்கும் எம்சியும் எம்சிதான். வியாதியின் விவரத்தை மேலாளரிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

எனக்கு இரண்டு ஷிப்ட்: ஒன்று ஆபீஸ், இன்னொன்று வீடு. எனக்கு எங்கே நேரம்?

இதைக் கேட்பவர்கள் எல்லாரும் பெண்கள். ஆண் ஒருவர்கூட இதுவரை என்னிடம் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்து சமைத்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லி, மாமியாரின் மாத்திரையைப் பார்த்து, மறுநாள் சீருடையைத் தேய்த்து வைக்கும் ஒருவரிடம் "உங்களுக்கென்று நேரம் ஒதுக்குங்கள் அக்கா" என்று சொல்வது அவர் பட்டியலில் இன்னொரு வேலையைச் சேர்ப்பது.

அதனால் முதலில் வேலையைக் குறைக்க வேண்டும், அதுவும் வீட்டில் உள்ளவர்கள் குறைக்க வேண்டும். "உதவி செய்கிறேன்" என்று கணவர் சொன்னால் வேலை இன்னும் மனைவியுடையதுதான், அவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். ஒரு வேலையை முழுசாக ஒப்படையுங்கள். செவ்வாயும் வியாழனும் ராத்திரிச் சாப்பாடு அவருடையது: என்ன சமைப்பது, சாமான் வாங்குவது, பாத்திரம் கழுவுவது வரை. ரொட்டி சானாய் வாங்கி வந்தாலும் சரி, கேள்வி கேட்காதீர்கள். அந்த இரண்டு ராத்திரியில் ஒன்றில் தோழியோடு தாமானைச் சுற்றி நடங்கள். மாமியார் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். உங்கள் உடம்பு விழுந்தால் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

நான் கிராப் ஓட்டுகிறேன். லீவு, எம்சி எல்லாம் எனக்கு ஏது?

வேலைச் சட்டத்தின் லீவு, எம்சி உரிமைகள் உங்களை எட்டவில்லை என்பது உண்மை. விபத்துக் காப்பீட்டுக்குப் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் சொந்தத் தொழில் திட்டம், 2017-ஆம் ஆண்டின் சட்டம் 789, இருக்கிறது. அதில் பதிந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உறவு விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆர்டருக்காகக் காத்திருக்கும் மரத்தடியில் அதே நாலு பேரைத் தினமும் பார்க்கிறீர்கள். ஒரு நாள் ஆப்பை ஒரு மணி நேரம் சேர்ந்தே அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

"எங்க காலத்துல இதெல்லாம் இல்லை" என்கிறார் அப்பா. எப்படிப் புரியவைப்பது?

பர்ன்அவுட், மனநலம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். உடம்பில் தெரிவதைச் சொல்லுங்கள்: "அப்பா, மூணு மாசமா சரியா தூக்கம் இல்லை. காலையில நெஞ்சு படபடன்னு அடிக்குது. டாக்டரைப் பார்க்கப் போறேன், கூட வர்றீங்களா?" அவருக்குச் செய்ய ஒரு காரியம் கிடைத்துவிட்டால் வாதம் நின்றுவிடும். அப்புறம் காரில் போகும்போது அவருடைய வேலைக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். யாரிடமும் சொல்லாத கதைகள் அவரிடமும் இருக்கும்.

என் நண்பன் இப்படி ஆகிவிட்டான். போனை எடுப்பதில்லை. நான் என்ன சொல்வது?

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாதீர்கள். என்ன வேண்டும் என்று யோசிக்கும் தெம்பு அவனிடம் இல்லை, கேட்கவும் வெட்கப்படுவான். நாள், நேரம், காரியம் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள்: "வியாழக்கிழமை எட்டு மணிக்கு உன் பிளாட்டுக்குக் கீழே நிற்பேன். கார் கழுவக் கொடுத்துட்டு பக்கத்துல சாப்பிடலாம். பேச வேண்டாம், வந்தா போதும்." வரவில்லை என்றால் கோபப்படாமல் அடுத்த வியாழனும் இதையே அனுப்புங்கள்.

வந்தால் அறிவுரை வேண்டாம். யோகா செய், வேலையை விடு, கோயிலுக்குப் போ என்று அடுக்காதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

"நான் இல்லைன்னா எல்லாருக்கும் நல்லது" என்பது மாதிரி ஏதாவது அவன் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பலருக்கு யாராவது கேட்டதே பெரிய ஆறுதல். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். மனத்துயரில் இருப்பவர்களுக்கான உதவித் தொலைபேசி பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர், 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழ் பேசும் தன்னார்வலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555, அரசாங்க உதவி எண் தாலியான் காசே 15999. உடனடி ஆபத்து என்றால் 999 அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 309 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம் என்று அவனிடமும் அவன் வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்லுங்கள்.